நடந்த பாட்டும் நிற்கிற பாட்டும்

1864இல் சார்லஸ் பாபேஜ் தன் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். கணினியின் முன்னோடி என்று பாடப்புத்தகங்களில் நாம் சந்திக்கும் அதே பாபேஜ்தான். அந்த நூலில் லண்டன் மாநகரின் தெருத் தொல்லைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆர்கன் பெட்டி, பித்தளைக் குழல் கோஷ்டி, பிடில், ஹார்ப், முரசு, பைக்குழல், அரைப்பென்னி ஊதல் என்று நீளும் பட்டியலில், இந்தியாவிலிருந்து பெயரோடு கப்பலேறிப் போன டாம்-டாமும் இருக்கிறது. இவை யாவும் அரசின் அனுமதியோடு இரவும் பகலும் இயங்கும் சித்திரவதைக் கருவிகள் என்பது அவர் கட்சி.

2025இல் அதே ஊரில், சிட்டி ஆஃப் லண்டன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. லெஸ்டர் சதுக்கத்தில் பாடுபவர்களின் சத்தம் தங்கள் அலுவலகத்தில் வேலை செய்ய விடாமல் தடுக்கிறது என்று குளோபல் நிறுவனம் உள்ளூர் மன்றத்தின்மீது தொடுத்த வழக்கு அது. தொல்லை உண்டு என்று நீதிபதி ஏற்றார். சத்தம் முதல் குற்றம். திரும்பத் திரும்ப அதே பாட்டு, அதிலும் சிலர் பாடும் தரம், அதை இன்னும் மோசமாக்குகிறது என்றார். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைப்பது மனச்சித்திரவதை முறைகளில் ஒன்று என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. வழக்குத் தொடுத்த குளோபல், பல வானொலி நிலையங்களை நடத்தும் நிறுவனம். நாளெல்லாம் பாட்டு ஒலிபரப்பிப் பிழைப்பவர்கள், பாட்டு தாங்கவில்லை என்று நீதிமன்றம் ஏறினார்கள்.

நூற்று அறுபது ஆண்டு இடைவெளியில் முறையீடு மாறவில்லை. மாறியது வேறு. அன்று பாடியவர் நடந்தார். கேட்டவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். இன்று பாடுபவர் ஓரிடத்தில் நிற்கிறார். கேட்பவர் நடந்து போகிறார். இந்த இடமாற்றத்தில் பெரும்பங்கு சட்டத்தினுடையது.

அன்றைய ஆர்கன்காரர்களில் பலர் வட இத்தாலியின் மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கிளார்க்கன்வெல் பக்கம், சாஃப்ரன் ஹில் தெருவை ஒட்டிய வீடுகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். தோளில் வாரால் மாட்டிய பெட்டி பெரும்பாலும் சொந்தமானதல்ல; 'பத்ரோனே' எனப்பட்ட முதலாளியிடம் வாடகைக்கு எடுத்தது. அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஊரில் பெற்றோரிடம் ஒரு தொகை கொடுத்து ஒப்பந்தத்தில் அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். மாலையில் முதலாளி எதிர்பார்த்த காசு சேரவில்லை என்றால் அடி விழும். பித்தளைக் குழல் கோஷ்டிகள் ஜெர்மனியிலிருந்து வந்தன.

காலையில் கிளம்பினால் நாள் முழுக்க நடைதான். ஒரு சதுக்கத்தில் சற்று நேரம், பிறகு அடுத்தது. பெட்டிக்குள் இருக்கும் உருளையில் ஆணி பதித்து வைத்திருப்பது சில பாட்டுகள் மட்டுமே. கைப்பிடியைச் சுற்றினால் அவைதான் சுழன்று சுழன்று வரும். மனம் இரங்கியவர் மாடி ஜன்னலிலிருந்து செப்புக்காசைத் தாளில் சுற்றிப் போடுவார். இன்னொரு வருமானமும் இருந்தது. 'போய்விடு' என்று தரும் காசு அது. நோயாளி படுத்திருக்கும் வீடு எது, எழுதுகிறவர் இருக்கும் வீடு எது என்று தெரிந்துகொண்டு அங்கேயே நின்று கைப்பிடியைச் சுற்றியவர்களும் உண்டு. இசைக்குக் கிடைத்ததைவிட அமைதிக்குக் கிடைத்த கூலி சில நாள் அதிகமாக இருந்திருக்கும்.

எழுதுகிறவர்களின் கோபம் அந்தக் காலத்தில் உச்சத்தில் இருந்தது. தாமஸ் கார்லைல் 1850களில் செல்சி வீட்டின் உச்சியில் சத்தம் புகாத அறை ஒன்றைப் பணம் செலவழித்துக் கட்டினார். அதற்குள்ளும் சத்தம் புகுந்தது. பாபேஜ் மூன்று மாதத்துக்குள் 165 தடங்கல்களைத் தேதி வாரியாகக் குறித்து வைத்தார். கடந்த பன்னிரண்டு ஆண்டில் தன் உழைப்புத் திறனில் கால்பங்கைத் தெருச்சத்தம் அழித்துவிட்டது என்று கணக்குப் போட்டார். கணக்குப் போடும் இயந்திரத்தை முடிக்க முடியாமல் போன மனிதரின் கணக்கு அது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் வருகிறது.

டெர்பி தொகுதியின் உறுப்பினர் மைக்கேல் தாமஸ் பாஸ் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். பர்ட்டன் ஊரின் பெரிய பியர் ஆலைக்காரர் அவர். டிக்கன்ஸ் அவருக்கு ஆதரவுக் கடிதம் எழுத, டென்னிசன், கார்லைல், ஓவியர் மில்லே, வில்கி காலின்ஸ் உள்ளிட்டோர் கையெழுத்திட்டார்கள். 1864இல் சட்டம் நிறைவேறியது. நோய், வேலைக்கு இடையூறு, அல்லது தக்க வேறு காரணம் ஏதேனும் சொல்லி, வீட்டுக்காரரோ அவர் வேலையாளோ காவலரோ தெருவில் வாசிப்பவரைப் போகச் சொல்லலாம். போகாவிட்டால் 40 ஷில்லிங் வரை அபராதம், அல்லது மூன்று நாள் வரை சிறை. 40 ஷில்லிங் என்றால் 2 பவுண்டு. அன்று ஒரு சாதாரணக் கூலியாளுக்கு ஏறக்குறைய இரண்டு வாரக் கூலி.

இந்தச் சட்டத்தில் ஒரு சின்ன நிபந்தனை இருந்தது. புகார் சொல்பவர் காவலரோடு நிலையம் வரை தானே போக வேண்டும். கோபத்துக்கு விலை வைத்த நிபந்தனை அது. பெரும்பாலானவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்திருப்பார்கள். பாபேஜ் போனார். அதனால் தெருவே அவரைப் பகைத்துக்கொண்டது. கூட்டம் பின்னாலேயே கூவிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து வாசித்தார்கள். ஒரு பித்தளைக் குழல் கோஷ்டி நடுவில் சிறிது ஓய்வெடுத்து ஐந்து மணி நேரம் ஊதியதை அவரே பதிவு செய்திருக்கிறார். 1864 அக்டோபரில் 47 வயதில் இறந்த கேலிச்சித்திரக்காரர் ஜான் லீச்சின் சாவுக்குத் தெருச்சத்தமே காரணம் என்று லீச்சின் நண்பர்கள் நம்பினார்கள்.

மறுபக்கமும் இருந்தது. கச்சேரிக்குச் சீட்டு வாங்க முடியாத சந்துகளுக்கு ஆர்கன் பெட்டிதான் ஆபராவைக் கொண்டுபோனது. வேலைக்காரப் பெண்களும் குழந்தைகளும் அதற்கு ஆடினார்கள். தெரு இசையை ஊக்குவிப்பவர்கள் யார் என்று பாபேஜ் தந்த இன்னொரு பட்டியலில் மதுக்கடைக்காரர்கள், வேலையாட்கள், குழந்தைகள், நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இடம்பெறுகிறார்கள். ஊரில் பாதிப்பேர் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுவார்கள். படிக்கும் மேசை வைத்திருந்தவர்களுக்கும் அது இல்லாதவர்களுக்கும் நடந்த சண்டை என்றுதான் எனக்கு இது தோன்றுகிறது.

ஆனாலும் 1864ஐக் கொடுமையான சட்டம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய நிலையைப் பார்க்க வேண்டும். 1572இல் முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டம், பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத பாணரையும் நாடகக்காரரையும் கரடியாட்டுபவரையும் நாடோடிக் கயவர் என்று வகுத்தது. தண்டனை கசையடி, பிறகு வலக்காது மடலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளை. அந்தச் சட்டம் பாடுபவரின் காதைப் பார்த்தது. விக்டோரியா காலத்துச் சட்டம் கேட்பவரின் காதைப் பற்றிக் கவலைப்பட்டது. முன்னேற்றம்தான்.

ஆர்கன்காரர்களை உண்மையில் தெருவை விட்டு அனுப்பியது பாஸின் சட்டமல்ல. 1889இல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் சிறுவர்களைத் தெருவில் வாசிக்க அனுப்புவதைக் குற்றமாக்கியது. கிராமபோன் வந்தது, 1922இல் பிபிசி வந்தது. சந்துக்கு இசை கொண்டுவர ஆள் தேவையில்லாமல் போயிற்று. முதல் உலகப்போருக்குப் பிறகு வேலையில்லாத முன்னாள் சிப்பாய்கள் பதக்கங்களை மார்பில் குத்திக்கொண்டு குழல் ஊதினார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் லண்டன் இத்தாலியர்களில் ஆண்கள் பலர் காவல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பழைய தெரு அதோடு ஓய்ந்தது.

புதிய தெரு திறந்தது கோவென்ட் கார்டனில். 1662 மே மாதம் சாமுவேல் பெப்பிஸ் அங்கே இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பிறகு அந்த இடம் காய்கனிச் சந்தையானது. 1974இல் சந்தை நைன் எல்ம்ஸ் பகுதிக்குப் போக, பழைய கட்டடம் 1980இல் கடைகளோடு மீண்டும் திறக்கப்பட்டது. வெறுமையாக நின்ற முற்றத்துக்கு ஆள் சேர்க்க வித்தைக்காரர்கள் தேவைப்பட்டார்கள். விரட்டப்பட்டவர்களை நகரமே கூப்பிட்டது. தென்கூடத்தின் கீழ்முற்றத்தில் ஆபரா பாடுபவர்கள். செயின்ட் பால் தேவாலயத்தின் தூண்களுக்கு முன்னால் கத்தி வீசுபவர்கள், ஒற்றைச் சக்கர வண்டிக்காரர்கள், சங்கிலியில் கட்டுண்டு விடுபடுபவர்கள். நகைச்சுவைக் கலைஞர் எடி இஸார்ட் 1980களில் தொழில் கற்றது இந்தக் கல்தரையில்தான். அந்த முற்றத்தில் யார் எப்போது ஆடுவது என்பதைக் கலைஞர்களே காலையில் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்துகொள்வார்கள். கூட்டத்தை நிறுத்துவது, வழி விடுவது, தொப்பி ஏந்துவது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் எழுதாத விதிகள் இருந்தன.

பாதாள ரயிலின் கதை வேறு. அங்கே பல காலம் பாடுவதே குற்றம். சுரங்க வழியில் கிட்டார் சத்தம் கேட்டால் காவலர் வருவார், பாடகர் அடுத்த நிலையத்துக்கு ரயிலேறுவார். 2003இல் இது முறைப்படுத்தப்பட்டது. குரல் தேர்வு, உரிமம், முன்பதிவு, இரண்டு மணி நேர முறை, தரையில் ஒட்டிய அரைவட்டம். திட்டத்துக்கு விளம்பர ஆதரவு தந்தது கார்லிங் என்ற பியர். அந்த பியர் அதற்குச் சில ஆண்டு முன்புவரை பாஸ் ஆலையின் சரக்கு. தெருப்பாடகரை அகற்றச் சட்டம் கொண்டுவந்தவரின் ஆலை வளர்த்தெடுத்த பியர், தெருப்பாடகருக்கு இடம் பிடித்துக் கொடுத்தது. வரலாறு இப்படி எப்போதாவதுதான் வேடிக்கை காட்டும்.

சுரங்க வழித் திட்டம் நன்றாகவே நடந்தது. காரணம் எளிது. அந்த வழியில் யாரும் குடியிருக்கவில்லை, மேசை போட்டு வேலை பார்க்கவுமில்லை. ஒவ்வொருவரும் அரை நிமிடம் கேட்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

மேலே தெருவில் அப்படி இல்லை. 2000ஆம் ஆண்டின் லண்டன் உள்ளாட்சிச் சட்டம் தெருக்கலைஞருக்கு உரிமம் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அந்தந்த மன்றங்களுக்குத் தந்தது. கேம்டன் மன்றம் 2013இல் அதைக் கையிலெடுத்தது. அப்போது சாதாரண உரிமம் ஆண்டுக்கு 19 பவுண்டாக இருந்தது. ஒலிபெருக்கி, தாளக்கருவி போன்றவற்றுக்குத் தனி உரிமம், 47 பவுண்டு. உரிமமின்றிப் பாடினால் 1000 பவுண்டு வரை அபராதம், கருவியும் பறிமுதல் ஆகலாம். 1864இன் 2 பவுண்டோடு இதை நேரடியாக ஒப்பிட முடியாது, பணத்தின் மதிப்பு வேறு. ஆனால் அன்று போகச் சொல்லியும் போகாதது குற்றம். இன்று கேட்காமல் தொடங்குவதே குற்றம். எதிர்த்தவர்கள் 2014இல் உயர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். மதக்கூட்டத்தின் இசைக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பதைப் பார்த்து, வாயில் வைத்து ஊதும் கஸூ என்ற விளையாட்டுக் கருவியின் பெயரில் ஒரு 'புனிதச் சபை' தொடங்கிக் கேலியும் செய்தார்கள்.

2021இல் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றமும் உரிமம் கொண்டுவந்தது. லெஸ்டர் சதுக்கம், டிராஃபல்கர் சதுக்கத்தின் வடபுறம், ஆக்ஸ்ஃபோர்டு தெரு எல்லாம் அதன் எல்லைக்குள் வருபவை. இன்ன இடத்தில் நிற்கலாம், அவற்றில் சிலவற்றில் மட்டும் ஒலிபெருக்கி வைக்கலாம் என்று வரையறுத்தார்கள். கூரான, ஆபத்தான பொருள்கள் கூடாது என்ற விதியைப் பார்த்துக் கோவென்ட் கார்டன்காரர்கள் கொதித்தார்கள். கத்தியும் தீப்பந்தமும் இல்லாமல் அவர்கள் எதைக் காட்டுவது? நாற்பது ஆண்டாகச் சீட்டுப் போட்டு ஒழுங்காக நடத்திவந்த இடத்துக்கு உரிமம் எதற்கு என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது.

கிடைத்ததைக் குறைத்துச் சொல்லக்கூடாது. இன்றைய பாடகர் யாருக்கும் வாடகை அடிமையல்ல. கையில் உரிமம் இருக்கும்போது காவலரைக் கண்டு பெட்டியை மூடிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. குழந்தைகளை அடித்துத் தெருவுக்கு அனுப்பும் முதலாளி இல்லை. வெளிநாட்டான் என்று சொல்லி அவரை விரட்டவும் சட்டத்தில் வழியில்லை. விக்டோரியா காலத்துப் புகார்க் கடிதங்களில் பாட்டின்மேல் இருந்த வெறுப்பும் இத்தாலியர்மேல் இருந்த வெறுப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. காசு தரும் வழியும் மாறிவிட்டது. 2018இல் நகர மேயர் சாதிக் கான் ஆதரவில், அட்டையைக் காட்டினால் பணம் போகும் சிறு கருவிகள் தெருக்கலைஞர்களுக்கு வழங்கப்பட்டன. எவ்வளவு போகும் என்பதைப் பாடகரே முன்கூட்டிக் குறித்து வைத்திருப்பார். தாளில் சுற்றிய செப்புக்காசின் காலத்தில் கொடுப்பவர் விரும்பிய அளவு விழுந்தது. இப்போது ஒரு விலை நிற்கிறது. சில்லறையே வைத்திருக்காத ஊரில் இதுவும் இல்லையென்றால் தொப்பி காலியாகத்தான் இருக்கும்.

இழந்தது நடை. அதோடு போனது, சந்து. ஆர்கன் பெட்டி ஏழைகளின் தெருவுக்குப் போனது. இன்றைய ஒதுக்கிடங்கள் எல்லாம் கடைகளும் திரையரங்குகளும் சுற்றுலாப் பயணிகளும் உள்ள இடங்கள். கூட்டம் இருக்கும் இடத்தில்தான் பாட்டு என்றாகிவிட்டது. பாட்டு வந்து கூட்டம் சேர்ந்த காலம் அந்தக் காலம்.

இன்னொன்றும் நடந்தது, அதை விதி எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நடந்து போகும் பாடகரின் தொல்லை ஊர் முழுக்கப் பரவிக்கிடந்தது. எந்த வீட்டுக்கும் ஒரு நாளில் ஒரு பங்குதான். புள்ளி குறித்து நிறுத்தியபோது எல்லாருடைய பங்கும் ஒரே ஜன்னலுக்குக் கீழே குவிந்தது. ஒருவர் நேரம் முடிந்தால் அடுத்தவர் வருகிறார். கூட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் காசு தரும் பாட்டு எது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதையே பாடுகிறார்கள். பாட்டு பதித்த உருளையைச் சுற்றியவரைக் கேலி செய்தோமே, பின்னணி இசையை ஓடவிட்டு ஊர் அறிந்த ஏழெட்டுப் பாட்டைப் பாடுபவர் அவரிடமிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்? அன்று பெட்டியின் சத்தத்துக்கு இயற்கையாக ஓர் எல்லை இருந்தது. இன்று மின்கலத்தில் ஓடும் ஒலிபெருக்கிக்கு அது கிடையாது.

பாதிக்கப்படுபவரும் மாறிவிட்டார். அன்று அவர் சொந்த வீட்டில் உட்கார்ந்த அறிஞர். நாளிதழுக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர், நாடாளுமன்ற உறுப்பினரை அறிந்தவர். இன்று அவர் பெரும்பாலும் கடைவாசலில் எட்டு மணி நேரம் நிற்கும் விற்பனையாளர், உணவகத்தில் தட்டு எடுப்பவர், வரவேற்பு மேசையில் இருப்பவர். லெஸ்டர் சதுக்கத்தில் வழக்குப் போட ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. மற்ற இடங்களில் இவர்களுக்காக நீதிமன்றம் போக ஆள் இல்லை. 1864இன் சட்டம் வேலையாளுக்கும் ஓர் உரிமை தந்திருந்தது, வீட்டுக்காரர் சார்பில் வெளியே வந்து 'போ' என்று சொல்லும் உரிமை. இப்போது புகாரை இணையப் படிவத்தில் நிரப்ப வேண்டும். பதில் வரும்வரை பாட்டு தொடரும்.

ஆகவே என் தீர்ப்பு பாதி பாபேஜ் பக்கம், பாதி ஆர்கன்காரர் பக்கம். ஆளுக்கு உரிமம் என்பது தேவையில்லாத சுமை. ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு என்பது மிகவும் தேவை. ஒதுக்கிடங்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினாலே பழைய நடையின் நன்மையில் பாதி திரும்பக் கிடைத்துவிடும். ஓர் இடத்தின் ஒழுங்கை அங்கே பிழைப்பவர்களிடமே விடலாம் என்பதற்குக் கோவென்ட் கார்டனின் நாற்பது ஆண்டு சாட்சி இருக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் எடுத்தது வேறு வழி. தீர்ப்புக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 17 முதல் லெஸ்டர் சதுக்கத்தில் எல்லாத் தெருக்கலைகளையும் நிறுத்தி வைத்தது. ஒலிபெருக்கி வைத்தவர், வைக்காதவர் என்ற வேறுபாடு அந்த அறிவிப்பில் இல்லை. பத்து நிமிட நடைத் தொலைவில் இருக்கிறது கோவென்ட் கார்டன். லண்டன் போகிறவர்கள் இரண்டு இடத்தையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். தொப்பிக்காகக் கொஞ்சம் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரிடமும் அட்டைக் கருவி இருக்காது.